முக்காலியில் பத்து அங்குலம்

என் கணவர் உலகநாதன் வேலை பார்த்த கம்பெனியில் சம்பளத்தோடு சேர்த்து மாடியும் கொடுத்தார்கள். மற்ற கம்பெனிகளில் ஷேர் கொடுப்பார்கள், இங்கே மாடி, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். மொத்தமாகக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பதினாறு படி. முதல் வருஷம் ஒன்றும் வராது. வருஷம் முடிந்த அன்று நான்கு படி சேர்ந்தாற்போல வரும். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. பதினாறாவது படி வருகிற அன்று அதன் உச்சியில் மாடியும் வந்துவிடும். அவர்கள் கொடுத்த தாளில், 'இந்த மாடி தங்களுக்கு வழங்கப்பட்டுவிட்டது, ஆனால் இன்னும் தங்களுடையது அல்ல' என்று போட்டிருந்தது. நான் கோவில்பட்டிக்காரி, எந்தத் தாளையும் இரண்டு தடவை படிப்பேன். இரண்டு தடவை படித்தபோதும் அது சரியாகத்தான் இருந்தது.

மேடவாக்கத்தில் எங்களுடையது தரைத்தள வீடு. மேலே தளம் போட்டதோடு சரி, ஏற வழி கிடையாது. கூடத்தில் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் படிகள் வந்தன. மூன்று அடி அகலம், சாம்பல் நிற மொசைக். முதல் தேதி காலையில் எழுந்து பார்த்தால் புதுப் படி இருக்கும். நான் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுக் காபி போடப் போவேன்.

மாடி வந்ததும் என்பது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. தையல் மெஷின் மாடி வந்ததும். குழந்தைக்காக டாக்டரிடம் போவது மாடி வந்ததும். சண்டையைக்கூட, 'இதை மாடி வந்ததும் பேசிக்கலாம்' என்று எடுத்துவைத்தோம். அப்படி எடுத்துவைத்த சண்டைகள் நல்ல கனமான சண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குக் காணும்.

உலகநாதனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ராஜினாமாக் கடிதம் இருக்கும். அந்த ஆபீஸ் மனுஷனை அப்படிப் பிழிந்தது. துவைக்கப் போடும்போது நான் அதை எடுத்துவைத்து, மறுநாள் சட்டையில் திரும்ப வைத்துவிடுவேன். ஒரு தடவை மறந்துபோய் ஊறவைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே புதிதாக ஒன்று எழுதிக்கொண்டார். கொடுப்பதற்கு இல்லை. பையில் அது இல்லாமல் ஆபீஸ் வாசலைத் தாண்ட அவரால் முடியாது, அதற்குத்தான்.

என் அப்பா ஆறுமுகப்பெருமாள், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். நாற்பது வருஷம் மருந்து நெடியில் இருந்ததால் ஒரு வறட்டு இருமல் உண்டு. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் இரண்டு. அம்மா போனபிறகு தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னோடு வந்து இருக்க வேண்டும் என்று ஆசை. வாய்விட்டுக் கேட்க மாட்டார், 'மெட்ராஸ்ல இப்ப வெயில் எப்படி' என்று கேட்பார். எங்களுக்கு இருந்தது ஒரே படுக்கையறை. 'மாடி வரட்டும்ப்பா, மாடி ரூம் உங்களுக்குத்தான், வந்து இருங்க' என்று சொன்னேன். சொன்னது நான், உலகநாதன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு படி வருகிற காலையிலும் அப்பா போன் செய்வார். "எத்தனை படி தாயி?"

"ஏழுப்பா."

"அடேயப்பா, பாதி ஏறியாச்சு" என்பார். பதினாறில் ஏழு பாதி இல்லை என்று நான் திருத்தவில்லை.

ஒருவரை ஓர் இடத்துக்கு வரச் சொன்னால் அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். உயிரோடு இருந்தால் பஸ் பிடிப்பார், இல்லாவிட்டால் பஸ் தேவையில்லை. அந்த இடம் வந்தாயிற்றா இல்லையா என்பது பொருட்டில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உலகநாதனோடு வேலை பார்த்த கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் தன் அம்மாவை இப்படித்தான் மாடிக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் தவறிப்போய் ஆறு மாதமாக, வராத மாடியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மகன் பதினான்காம் படியில் மேனேஜரோடு மல்லுக்கட்டி வேலையை விட்டுவிட்டார். வேலையை விட்டால் வராத படியும் மாடியும் கம்பெனிக்கே திரும்பிவிடும், அதுவும் தாளில் இருக்கிறது. அன்று சாயங்காலமே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வந்த பதினான்கு படியில் அவர் வீட்டில் இப்போது செருப்பு வைக்கிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. மூன்று மாதத்தின் கடைசி வாரத்தில் லீவு போட்டால் அந்தப் படி வராது. நடுவில் ஒரு படி இல்லாமல் மேலே உள்ளவை எதன்மேல் வந்து உட்காரும்? ஆகவே அவையும் வராது.

ஒன்பது படி வந்திருந்தபோது, செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில், அப்பா டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டே போய்விட்டார். நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் வேலை. பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு உலகநாதனுக்குப் போன் செய்தேன்.

"மூணு நாள்தான் இருக்கு செண்பகம்" என்றார். "பத்தாவது படி."

எனக்கும் புரிந்தது. அந்தப் படி வராவிட்டால் அப்பாவுக்குப் போய் உட்கார இடமில்லை. "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன்.

கோவில்பட்டியில் வந்தவர் எல்லோரும் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். படி வரப்போகிறது என்றேன். முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒருத்தரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, படின்னா இருக்கத்தானே செய்யணும் என்று பெரியம்மாகூடச் சொன்னாள். மாப்பிள்ளை முறைக்குப் போர்த்த வேண்டிய கோடி வேட்டியை என் சித்தப்பா மகன் கடைக்கு ஓடி வாங்கிவந்து போர்த்தினான். அவசரத்தில் எடுத்தது, கரை கோணலாக இருந்தது. அந்தக் கோணல் கரையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. உலகநாதன் செய்தது சரி. சரியாகச் செய்தவரை எப்படி மன்னிப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தப்பாகச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவர் வந்தார். காரியம் முடிந்து வீட்டை ஒதுங்கவைத்தபோது அப்பாவின் முக்காலியைக் காணோம். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அவர் கொண்டுவந்த பழைய முக்காலி, ஓர் அடி அகலம், வேறு எதிலும் உட்கார மாட்டார். யாரும் அதிகம் தேடவில்லை.

மேடவாக்கம் வந்து சேர்ந்தேன். கூடத்தில் பத்தாவது படி வந்திருந்தது. பையைக் கீழே வைப்பதற்குள் தளத்துக்கு மேலே இருமல் கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் இரண்டு. தளத்துக்கு மேலே அப்போது வெயிலைத் தவிர ஒன்றும் கிடையாது. நான் பத்தாவது படியில் ஏறி உட்கார்ந்து தளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதேன். உலகநாதன் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் எட்டுப் படி இருந்தது.

அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை. காலையில் ஒரு டம்ளர் காபியை மூன்றாம் படியில் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். தை பாதிவரை அப்படி ஓடியது. பதினோராவது படியும் வந்தது, அதற்கு நான் மஞ்சள் வைக்கவில்லை. ஜனவரி கடைசியில் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனேன்.

குடும்ப நீதிமன்றத்தில் எங்களுக்குப் பிரிக்க அதிகம் இல்லை. வீடும் ஃபிரிட்ஜும் அவருக்கு, பாத்திரமும் நகையும் எனக்கு. சேர்ந்திருந்தபோது வந்த பத்துப் படியில் ஆளுக்குப் பாதி, பதினெட்டு அங்குலம். அதற்கு மேற்பட்ட படிகளையும் மாடியையும் என்ன செய்வது என்பதுதான் வழக்கு. வராத பொருளைப் பிரிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. நீதிபதி அம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு படி வந்துசேர மொத்தம் எத்தனை மாதமோ, அதில் எத்தனை மாதம் சேர்ந்து வாழ்ந்தீர்களோ, அந்த அளவு இருவருக்கும் பொது. பொதுவில் பாதி மனைவிக்கு. மேலே போகப் போக மனைவியின் பாகம் குறுகும், ஏனென்றால் அந்தப் படிகளுக்காகக் கணவர் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"எந்தத் தேதியிலிருந்து பிரிஞ்சு வாழறீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

செப்டம்பர் இருபத்தெட்டு என்றேன். முப்பது மாதம்.

உலகநாதன் எழுந்து, தை பாதிவரை இவர் எனக்குக் காபி வைத்தார், அம்மா, ஆகவே முப்பத்துநான்கு மாதம் என்றார்.

"காபி மனுஷனுக்கு வச்சது" என்றேன். "புருஷனுக்கு இல்ல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். கணவர் சொல்கிற தேதியை எடுத்துக்கொண்டால் எனக்குத்தான் அங்குலம் கூடும் என்று எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆண்களுக்கு மட்டும் சொன்னது இல்லை. மனைவி தனக்கு நஷ்டமாகச் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று என் தேதியையே எழுதிக்கொண்டார்கள். பதினோராவது படியில் எனக்குப் பதினாறு அங்குலமும் சொச்சமும். பதினாறாவது படியில் பதினொன்றே கால். மாடி பதினாறு அடி அகலத்தில் வரும், அதில் எனக்கு ஐந்து அடி.

கடைசியாக ஒன்று கேட்டேன். இவர் இடையில் வேலையை விட்டுவிட்டால் என் பாகம் என்னாகும் என்று.

"ஒண்ணும் ஆகாதும்மா, வராது" என்றார் நீதிபதி. அவரை வேலை பார்க்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட முடியாது.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் உலகநாதனைப் போன் செய்து எழுப்பினேன். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூட அவரை நான் எழுப்பியது கிடையாது, தானாக எழுந்துகொள்வார். இப்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தினமும் எழுப்பினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு தடவை.

"பையில இருக்கா?"

"இருக்கு."

"குடுத்துடலையே?"

"குடுக்கல."

அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். புருஷன் பெண்சாதியாக இருந்தபோது இரண்டு நாள் பேசாமல்கூட எங்களால் இருக்க முடிந்தது. இப்போது முடியவில்லை.

ஏப்ரலில் பன்னிரண்டாவது படி வந்தது. நீதிமன்றத்து அமீனா தாவீது டேப்பும் சாக்பீஸும் கொண்டுவந்து கோடு கிழித்தார். நான் என் பாகத்தில் ஏறி நின்று கொஞ்ச நேரம் இருமல் கேட்டுவிட்டு இறங்கினேன். ஜூலையில் பதின்மூன்றாவது வந்தபோது தளம் தானாக விலகி வழிவிட்டிருந்தது. மேலே பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது, அப்பா தெரியவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் உலகநாதனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வெளியே அனுப்பவும் இல்லை. அனுப்பினால் அவர்கள் மீதிப் படிகளைக் கொடுக்க வேண்டும், அவராக எழுந்து போனால் கொடுக்க வேண்டாம். ஆகவே ஒரு கண்ணாடி அறையில் நாற்காலி போட்டு, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை உட்காரவைத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அக்டோபருக்கு முன்னால் நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போகும்போது கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டிருக்கிற மனுஷனுக்குப் பசிக்கும் இல்லையா? நான் எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டி, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். வக்கீல் அம்மாவிடம் இதனால் தேதி மாறுமா என்று கேட்டேன். தீர்ப்புக்குப் பிறகு கட்டுகிற சாப்பாடு கணக்கில் வராது என்றார்.

பதினான்காவது படி வந்த அன்று அவர் கால் வீங்கி இருந்தது. அமீனா கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா நின்னுக்கிட்டு என்னதான் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா இருப்பேன்" என்றார். "மாமாவும் மேல சும்மாதானே உக்காந்திருக்காங்க."

கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள், போதும் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் மேலே ஒன்று, இடைவெளி, இரண்டு. நான் வாயை மூடிக்கொண்டேன். வேறு என்ன சொல்வது, நான் அப்பாவின் பக்கம்தான் நின்றேன். அன்று ராத்திரி விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பியதோடு என் தர்மம் முடிந்தது.

ஜனவரியில் பதினைந்து வந்தது. ஏப்ரல் முதல் தேதி காலை பதினாறும் மாடியும் வந்தன.

நான் தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். உலகநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கையில் ஒரு துணிக்கடைப் பையோடு நின்றார். அமீனா முன்னால் போக, நாங்கள் அவரவர் பாகத்தில் ஏறினோம். மேலே போகப் போக எனக்குக் கால் வைக்க இடம் குறைந்தது, இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்து நின்று நின்று ஏறினேன். பதினைந்தாவது படியில் தள்ளாடியபோது உலகநாதன் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து என் முழங்கையைப் பிடித்தார். அமீனா அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மாடி பதினாறு அடி அகலத்தில் ஒரே அறை. கிழக்கே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி முக்காலியைப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கோணல் கரை வேட்டிதான். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்துட்டியளா" என்றார். "படி ஜாஸ்திதான் தாயி."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டேன். இதற்காக எத்தனை நாள் என்னென்னவோ பேச்சு யோசித்து வைத்திருந்தேன். கருமாதிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார், நூற்றைம்பது இருக்கும் என்றேன். பரவாயில்லையே என்றார்.

உலகநாதன் பையிலிருந்து ஒரு வேட்டியை எடுத்தார். "கோடி, மாமா. அன்னைக்கு மத்தியானமே வாங்கினது. ஆபீஸ் மேஜையில இருந்துச்சு."

மேஜையை எடுத்தபிறகு கண்ணாடி அறையில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம், பிற்பாடு தெரிந்தது. அப்பா கரையை விரலால் ஒரு முழம் தடவிப் பார்த்தார். "இது நேரா இருக்கு மாப்ளை" என்று தோளில் போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஒன்றரை வருஷமாக என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த கரை அது.

அமீனா அளந்தார். ஜன்னல் சுவரிலிருந்து ஐந்து அடி எண்ணிக் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். கோடு முக்காலிக்கு அடியில் போனது. முக்காலி ஓர் அடி அகலம். இரண்டு அங்குலம் என் பக்கம், பத்து அங்குலம் உலகநாதன் பக்கம். கோட்டின்மேல் இருக்கிற பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. அமீனா நோட்டைத் திறந்து, 'ஜன்னல் ஒன்று, மனைவி பாகம். முக்காலி ஒன்று, அதில் அமர்ந்துள்ள முதியவர் ஒருவர், கணவர் பாகம்' என்று எழுதினார். அப்பா எட்டிப் பார்த்து, ஆறுமுகப்பெருமாளுக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பேர் எழுதுவதில்லை ஐயா, தலைதான் கணக்கு என்றார் அமீனா.

காபி வைத்த நான்கு மாதத்தை ஒப்புக்கொண்டிருந்தால் கோடு எட்டு அங்குலம் தள்ளி விழுந்திருக்கும். பத்து அங்குலம் எனக்கு, இரண்டு அவருக்கு. அதை அவர் கோர்ட்டில் எழுந்து நின்று கொடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். வாயால் கெட்டேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்கப்பா" என்றேன்.

அப்பா எழுந்து முக்காலியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வந்த இடம் வந்த இடம்தான் என்றார் அமீனா. உலகநாதன் தன் பாகத்தில் இருப்பதை எனக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் அமீனா, ஆனால் எப்படி வந்ததோ அப்படித்தான் கொடுக்க முடியும், மூன்று மாதத்துக்கு ஓர் அங்குலம். கடைசி வாரத்தில் வாங்குகிறவர் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து போக வேண்டும். ஒரு தடவை தவறினால் மீதி அங்குலம் கிடையாது.

எழுதுவதற்குத் தாள் இல்லை. உலகநாதன் சட்டைப் பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார். அன்று கொடுப்பதற்காகத் தேதி போட்டு வைத்திருந்தது. அதைத் திருப்பி என் ஜன்னல் திண்டில் வைத்து, 'என் பாகத்தில் உள்ள பத்து அங்குலத்தை செண்பகவல்லிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வேலையை மறுநாள் வாயால் சொல்லிவிட்டு வந்தார். இப்போது பள்ளிக்கரணையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். அங்கே ஸ்டூல் இருக்கிறது.

நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வந்து அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டுப் போனேன். ஜூலை முதல் தேதி முக்காலி ஓர் அங்குலம் என் பக்கம் நகர்ந்தது. வீடு கூட்டும்போது காலைத் தூக்கிக்கொள்வதுபோல அப்பா காலைத் தூக்கிக்கொண்டார். அக்டோபரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. ஏப்ரலில் நான்காவது அங்குலம் வந்ததும் அப்பா சரிபாதி ஆனார், ஆறு அங்குலம் எனக்கு, ஆறு உலகநாதனுக்கு. அமீனா வந்து பார்த்தார். சரிபாதிக்கு அவர் நோட்டில் கட்டம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலையில் ஐந்தாவது அங்குலம். அது வந்துவிட்டால் அப்பா என் பாகம். முக்காலியோடு என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். உலகநாதன் வீட்டுப் படியில் அப்புறம் நான் ஏற வேண்டியதில்லை, அவரும் கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை.

ஜூன் கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுக் கோவில்பட்டிக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அப்பாவின் வீட்டைத் திறந்து கூட்டினேன், அவர் பேப்பர் படித்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன், ஏழு நாளை எண்ணி எண்ணிக் கழித்தேன். ஏழாம் நாள் அழுகை வந்தது, அழுது முடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஜூலை முதல் தேதி காலை நேரே மேடவாக்கம் வந்தேன். முக்காலி நகரவில்லை என்று உலகநாதன் சொன்னார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மூன்றாம் படியில், என் பாதியில், ஒரு டம்ளர் காபி இருந்தது. ஆடை கட்டியிருந்தது, வைத்து நேரமாகியிருக்க வேண்டும்.

"இது யாருக்கு வச்சது?" என்று கேட்டேன்.

"மனுஷிக்குத்தான்" என்றார்.

குடித்தேன். சர்க்கரை கம்மி. டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது மேலே அப்பா இருமினார். சரிபாதி ஆனதிலிருந்து அவருக்கு எல்லா இருமலும் இரண்டு தடவை வருகிறது, முதலில் என் பக்கத்துக்கு, அப்புறம் உலகநாதன் பக்கத்துக்கு. என்னுடையது முடிந்ததும் நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு என் பாதியில் ஏறினேன். உலகநாதன் தன்னுடையது வரட்டும் என்று கீழே நின்றார்.